சப்பாத்திக்கள்ளியும் சிவப்புப் பூச்சியும்

உடையார்பாளையம் மாதிரி வானம் பார்த்த பூமியில் சப்பாத்திக்கள்ளியை எல்லாரும் நம்ம ஊர்ச் செடி என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி! இங்கே அது பரவிய கதையிலும் அழிந்த கதையிலும் ஒரு சின்னப் பூச்சிக்குப் பங்கு உண்டு.

18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் விலை உயர்ந்த சிவப்புச் சாயம் காச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. மெக்சிகோ ஸ்பெயின் கையில் இருந்ததால் வியாபாரமும் அவர்கள் கையில். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். விலை ஏன் குறையவில்லை என்று இப்போது புரிகிறதா?

இந்த ஏகபோகத்தை உடைக்க நினைத்தவர்களில் ஒருவர் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். 1786-ல் ஒரு புல்லில் சாயப் பூச்சியைப் போன்ற ஒன்றைக் கண்டு, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அது அசல் பூச்சி இல்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போடப்பட்டது. அதைக் கவனித்தவர் அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி. செடி தயார், பூச்சிதான் இல்லை! அசல் பூச்சியைக் கொண்டு வருபவருக்குக் கம்பெனி 2,000 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது.

1795-ல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தது காட்டு இனம். சாயம் மட்டம், மெக்சிகோ சரக்கோடு போட்டி போட முடியவில்லை. வியாபாரக் கணக்கில் இது சுத்த நஷ்டம்தான்.

ஆனால் பூச்சி வேறு வேலையைச் செய்தது. கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியது போல உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நசுக்கினால் விரல் சிவக்கும். வட இந்தியாவில் ஒருவகைக் கள்ளியை அது அடியோடு காய வைத்தது. அதைப் பார்த்து 1836-38-ல் தெற்கே வேண்டுமென்றே கொண்டு வந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் முதல் முயற்சிகளில் இது ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவே இல்லை. அது வயல்களையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டு வளர்ந்தது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு காச்சினீல் இனம் வந்தது. அடுத்த சில வருடங்களில் தென்னிந்தியாவில் பெரும் பரப்பில் கள்ளி காய்ந்து விழுந்தது. இப்போது வேலியோரம் நிற்பவை அதில் தப்பியவற்றின் வாரிசுகள்.