தெற்குச் சீமை - 17: ஈட்டியைக் கீழே வை!

போன வாரம் கயத்தாற்றில் விட்டோம். காவலர்கள் சூழ, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு வாரமாக அவரை அங்கேயே நிறுத்திவைத்ததற்கு என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், உரிமை உண்டு. இப்போது வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கயத்தாறு என்றதும் எல்லோருடைய கண்ணும் அவரைத் தூக்கிலிட்ட அந்தப் புளியமரத்துக்குத்தான் போகும். இன்று நாம் மரத்தைப் பார்க்கப் போவதில்லை. இந்தப் பக்கம் கூடியிருக்கிறார்களே பாளையக்காரர்கள், அவர்களுடைய முகங்களைப் பார்க்கப் போகிறோம்.

1799 அக்டோபர் 16. கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் மேஜர் பானர்மேன் நெல்லைச் சீமைப் பாளையக்காரர்களை வரவழைத்திருந்தார். விசாரணை என்று பெயர். விசாரணைக்கு எதற்கு இத்தனை விருந்தாளிகள்? அதுதான் சூட்சுமம். அன்றைக்குக் குற்றவாளி ஒருவர். பாடம் எல்லோருக்கும்.

கட்டபொம்மன் குனியவில்லை. எட்டயபுரத்தாரைப் பார்த்தார். சிவகிரியாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஏளனத்தை எந்தத் தமிழ்ப் புலவரும் பெருக்கிச் சொல்லவில்லை. மறுநாளே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாரே பானர்மேன், அவரே அதைப் பதிவு செய்திருக்கிறார். எதிரியின் பேனா பொய்யாகப் புகழாது.

கோட்டைப்பட்டினத்து அன்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கட்டபொம்மன் பிடிபட்டது உங்கள் மாவட்டத்துத் திருக்களம்பூர்க் காட்டில். பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அந்தக் கதையை இரண்டு வாரம் நீட்டி முழக்கியாகிவிட்டது. மீண்டும் கிளறவில்லை.

தூக்குமரத்துக்குப் போகிற வழியில் கட்டபொம்மன் கவலைப்பட்டது ஒருவரைப் பற்றி மட்டுமே. வாய் பேசாத தம்பி. ஊமைத்துரை.

இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

மரத்தடிக்கு வந்ததும் கோட்டையை விட்டு வெளியேறியதற்காக வருந்தினாராம். அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்று.

முடிந்தது.

இனிதான் நமக்கு வேலை.

எட்டயபுரத்தார் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? பாஞ்சாலங்குறிச்சியோடு அவருக்கு எல்லைத் தகராறு பழையது. ஆளைத் துரத்தியதில் அவருடைய படைக்குப் பெரிய பங்கு. சிவகிரியாருக்கும் கணக்கு இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் அவருடைய சீமைக்குள் புகுந்து அடித்தவர்கள். இருவரும் கும்பினிக்கு வேண்டியவர்கள். பரிசு வரும், பட்டு வரும், பக்கத்துப் பாளையத்து நிலம் கொஞ்சம் வரும்.

நிலம் வந்தது. பறிமுதலான பாளையங்களில் எட்டயபுரத்துக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

ஓர் உத்தரவு.

பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும். கையில் இருக்கும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி, ஈட்டி, எதுவும் கூடாது. மீறினால் மரணம்.

யாருக்கு? கலகம் செய்தவர்களுக்கா?

எல்லோருக்கும்.

உதவி செய்தவனுக்கும் அதே உத்தரவு, எதிர்த்தவனுக்கும் அதே உத்தரவு. மரத்தில் இன்னும் உடல் தொங்குகிறது. இந்த நேரத்தில் எழுந்து நின்று, "துரை, எனக்கு மட்டும் விலக்கு உண்டா?" என்று எவன் கேட்பான்?

பானர்மேன் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம். அவர் ரத்தவெறி பிடித்தவர் அல்லர். கணக்குப் பார்க்கிறவர். செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சியை நெருங்கியபோது வெறும் மண் சுவர்தானே என்று நினைத்தார். அந்த மண் சுவர் அவருடைய வெள்ளை அதிகாரிகளை வரிசையாகத் தின்றது. அன்றைக்கே அவருக்கு ஒன்று புரிந்தது. ஒரு பாளையக்காரனைத் தூக்கில் போட்டால் அடுத்தவன் வருவான். கோட்டையும் ஈட்டியும் இருக்கிறவரை வந்துகொண்டே இருப்பான். ஆகவே ஆளை விடு, ஆயுதத்தைப் பிடி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இடறியது எங்கே என்றால், பாளையத்தில் ஈட்டி என்ன வேலை செய்தது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

காவல் என்றொரு ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். ஊரைக் காப்பவனுக்குக் காவல் கூலி. தானியமாகவோ நிலமாகவோ வரும். களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டியவனும் அவனே. இரவில் ஈட்டியோடு சுற்றி வருகிறானே, அவனுக்கு அந்த ஈட்டி போர்க்கருவி மட்டுமா? அதுதான் அவன் சோறு. அவன் அப்பன் பிடித்த ஈட்டி. பெண் கேட்டுப் போகும் இடத்தில் அவனுக்கு மரியாதை வாங்கித் தருவதும் அதுதான். கும்பினி அதைக் கேட்டபோது இரும்பைக் கேட்பதாக நினைத்தது. அவன் காதில் விழுந்தது வேறு. நாளையிலிருந்து நீ யாரும் இல்லை.

இன்றைக்கு ஏர்கன் வாங்குபவர்களுக்கும் விதி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழல் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். அதற்கே எத்தனை முணுமுணுப்பு! ஆனால் அங்கே ஓர் அளவு இருக்கிறது. விண்ணப்பம் இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு இருக்கிறது. கயத்தாற்று உத்தரவில் அளவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. மேல்முறையீட்டுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்தப் புளியமரம்.

சரி, சனங்கள் என்ன செய்தார்கள்?

கலகம் செய்யவில்லை. கூட்டம் கூடவில்லை. அய்யா சாமி என்று கும்பிட்டார்கள். கோட்டைச் சுவர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. துப்பாக்கிகளும் ஈட்டிகளும் வந்து குவிந்தன. கும்பினிக் கணக்குப்பிள்ளை எண்ணி எழுதிக்கொண்டார். தெற்குச் சீமை அடங்கிவிட்டது என்று மேலே செய்தி போனது.

வந்ததை எண்ணினார்கள். வராததை எப்படி எண்ணுவார்கள்?

இங்கேதான் நான் பானர்மேனோடு சண்டை போடுவேன். பயத்தில் கொடுப்பவன் எப்போதும் துருப்பிடித்ததைத்தான் முதலில் கொடுப்பான். நல்லதை வைத்துக்கொள்வான். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுக்காரன் எதை வைத்துக்கொண்டான் என்று தெரிந்தும் வாய் திறக்க மாட்டான். நேற்றுவரை எல்லைக்காக அடித்துக்கொண்ட பாளையங்களை ஒரே ரகசியத்தில் கூட்டாளியாக்கிவிட்டது அந்த உத்தரவு. இதைக் கட்டபொம்மனால்கூடச் செய்ய முடியவில்லை!

பானர்மேன் ஊருக்குக் கிளம்பிப் போனார். பாளையங்கோட்டைச் சிறையில் ஊமைத்துரையும் சொந்தக்காரர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். ஓராண்டு ஓடியது. மழை வந்தது, விதைத்தார்கள், அறுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. இத்தனை அமைதியைப் பார்த்து ஒரு துரைக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

1801 பிப்ரவரி 2. சாயங்காலம்.

பாளையங்கோட்டையில் விருந்து. கும்பினிப் படை அதிகாரி மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் துரைகளும் துரைசானிகளும் சுமார் இருபது பேர். மேசையில் சாப்பாடு. கலகலப்பு. கோட்டைக்குள்ளே இருந்த சிறையை அந்த வேளையில் யார் நினைப்பார்கள்?

சிறை வாசலில் சில ஆட்கள். சாதாரண ஆட்கள். துணிக்குள்ளே மட்டும் ஏதோ.

கும்பினி பிடுங்கி முடித்துவிட்டதாக எழுதி வைத்திருந்த அதே இரும்பு.

காவலர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்தது. ஊமைத்துரை வெளியே. கூட இருந்தவர்கள் வெளியே. விருந்து நடக்கும் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே அதிகாரிகள் மொத்தமாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு திருப்பம் திரும்பியிருந்தால்?

திரும்பவில்லை. அண்ணனைத் தூக்கிலிட்டவர்களின் கூட்டம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் ஊமைத்துரை பழிவாங்க நிற்கவில்லை. அவருக்கு வேறு அவசரம். சுமார் 30 மைல். விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி மண்ணை மிதிக்க வேண்டும். இரவோடு இரவாக ஓடினார்கள். வழியில் இருந்த கும்பினிக் காவல் நிலையங்களை அடித்துப் பிடுங்கிக்கொண்டே ஓடினார்கள். அங்கே கிடைத்த ஆயுதங்கள் யாருடையவை என்று சொல்லவும் வேண்டுமா?

செய்தி கேட்ட மெக்காலே பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? தப்பியவன் எங்கே ஒளிவான்? கோட்டை இல்லை, இடித்தாயிற்று. ஆயுதம் இல்லை, வாங்கியாயிற்று. வெட்டவெளியில் ஒரு கூட்டம், அவ்வளவுதான். கையில் இருந்த சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். சுவரை உடைக்கும் பெரிய பீரங்கிகளைக் கொண்டு போகவில்லை.

இல்லாத சுவருக்கு எதற்குப் பீரங்கி?

பிப்ரவரி 9. படை பாஞ்சாலங்குறிச்சியை எட்டியது. அந்தப் படையில் வெல்ஷ் என்றோர் இளம் அதிகாரி இருந்தார். அன்று கண்டதைப் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

தரைமட்டமாக்கிய இடத்தில் சுவர் நின்றது.

ஆறே நாளில் எழுந்த சுவர். கொத்தளங்களோடு. அதன்மேல் சுமார் 1500 பேர். யார் கையும் வெறுங்கையாக இல்லை.

பதினாறு மாதங்களுக்கு முன்னால் எண்ணி எழுதிய கணக்கு ஒரு பார்வையில் செல்லாக்காசானது. முன்னால் போனால் பானர்மேனுக்கு நேர்ந்த கதி. பின்னால் போனால், கும்பினிப் படை புறமுதுகிட்டது என்று ராமநாதபுரம் வரை, சிவகங்கை வரை செய்தி பறக்கும். இருட்டிக்கொண்டு வருகிறது. மெக்காலேக்கு ஆள் வேண்டும். இந்த மண்ணை அறிந்த ஆள். ஈட்டி பிடிக்கத் தெரிந்த ஆள்.

அப்படிப்பட்டவர்கள் எட்டயபுரத்தில் இருக்கிறார்கள்.

"ஆயுதம் வைத்திருந்தால் சாவு" என்று எந்த எட்டயபுரத்தாரிடம் கும்பினி சொன்னதோ, அவர்களிடமே போய், "ஆயுதங்களோடு வாருங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டதா? அவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் ஊமைத்துரை இதற்குள் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தார்?

அடுத்த வாரம்.