எழுபது வருடம் கள்ளன் என்று அழைக்கப்பட்ட டைனோசர்

கடந்த தவணையில் தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு டைனோசர் வினாவிடைப் போட்டி வைத்தோம். பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு புள்ளி. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கிய ஒரு பழைய பொது அறிவுப் புத்தகத்தில் இருந்துதான் கேள்விகளை எடுத்தோம். பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். ஒரேயொரு மாணவியின் முகம் மட்டும் வாடிப் போனது. அவளது அணி ஒரு புள்ளியால் தோற்றது. அந்த ஒரு புள்ளியின் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னர் அந்தப் பத்தில் ஐந்து கேள்விகளை உங்களிடமும் கேட்கிறோம். விடையை வாசிக்க முதல் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினா 1: டைனோசர் என்ற பெயரை உருவாக்கியவர் யார்?

விடை: இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், 1842இல். கிரேக்க மொழியில் 'பயங்கரமான பல்லி' என்பது அதன் கருத்து. அப்போது அவர் கையில் இருந்தது மூன்றே மூன்று விலங்குகளின் அரைகுறை எலும்புகள்தான். ஒரு முழு எலும்புக்கூட்டைக்கூட யாரும் கண்டிருக்கவில்லை.

வினா 2: இகுவானோடன் என்ற டைனோசருக்குக் கொம்பு எங்கே இருந்தது?

மூக்கின் மேல் என்று சொன்னீர்களா? 1850களில் என்றால் முழுப் புள்ளி. இந்த விலங்குக்கு 1825இல் பெயர் வைத்தவர் கிடியன் மன்டெல் என்ற கிராமப்புற வைத்தியர். பற்கள் இகுவானா ஓணானின் பற்களைப் போல இருந்ததால் அந்தப் பெயர். பிற்பாடு கூம்பு வடிவில் ஓர் எலும்பு கிடைத்தது. காண்டாமிருகத்துக்கு இருப்பது போல மூக்குக் கொம்பாக இருக்கும் என்று நினைத்தார். 1854இல் லண்டன் சிடன்ஹாமில் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் முழு உருவச் சிலைகள் வைத்தபோதும் மூக்கில் கொம்பு வைத்தே செய்தார்கள்.

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிஸார் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 300 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் எலும்புகளைக் கண்டார்கள். சுமார் 30 இகுவானோடன்கள், பல முழுமையாகவே கிடந்தன. லூயி டொலோ என்ற ஆய்வாளர் அவற்றைப் பொருத்திப் பார்த்தார். அது கொம்பே இல்லை, கையின் பெருவிரல் முள். பூங்காவில் உள்ள சிலைகள் இன்றும் மூக்குக் கொம்போடுதான் நிற்கின்றன.

வினா 3: டி-ரெக்ஸும் முதுகில் தகடுகள் உள்ள ஸ்டெகோசோரஸும் சண்டை பிடித்தால் யார் வெல்வார்?

விடை: சண்டையே நடந்திருக்க முடியாது. ஸ்டெகோசோரஸ் வாழ்ந்தது சுமார் 150 மில்லியன் வருடங்களுக்கு முன்னர். டி-ரெக்ஸ் வாழ்ந்தது சுமார் 68 முதல் 66 மில்லியன் வருடங்களுக்கு முன்னர். இரண்டுக்கும் இடையில் சுமார் 80 மில்லியன் வருடங்கள். அதாவது டி-ரெக்ஸ் ஸ்டெகோசோரஸை விட நமக்குத்தான் காலத்தால் நெருக்கம்! விளையாட்டுச் சாமான் பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் கிடப்பதால் பிள்ளைகள் ஒரே காலம் என்று நினைத்துவிடுகிறார்கள். நாமும்தான்.

வினா 4: டைனோசர் காலத்துத் தடயம் ஏதாவது நம் நாட்டில் உண்டா?

விடை: உண்டு. புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பகுதிகளில் ஜுராசிக் காலத்துப் பாறைப் படிவுகள் இருக்கின்றன. அவற்றில் பன்னம் போன்ற பழங்காலத் தாவரங்களின் உயிர்ச்சுவடுகள் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் உலகில் நடமாடிய காலத்தில் முளைத்த இலைகளின் பதிவுகள் அவை. தப்போவ குளத்தைக் கடந்து போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வினா 5: மற்ற விலங்குகளின் முட்டைகளைக் களவெடுத்து வாழ்ந்த டைனோசர் எது?

நம் புத்தகத்தில் இருந்த விடை 'ஓவிராப்டர்'. அந்த மாணவி விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தாள்: "ஓவிராப்டர் என்று சொல்வார்கள், ஆனால் அது களவெடுக்கவில்லை." நாம் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனையால் பிழை போட்டோம். போட்டி முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சேர், அது களவெடுக்கல்ல. அது அதுட முட்டதான்" என்றாள். "புத்தகத்தில் இருப்பதுதான் விடை மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு மனம் கேட்கவில்லை, தேடி வாசித்தோம்.

1923இல் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் குழு ஒன்று, ரோய் சப்மன் அன்ட்ரூஸின் தலைமையில் மொங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் தோண்டியது. ஒரு கூட்டில் முட்டைகள் கிடைத்தன. அந்தப் பகுதியில் புரோட்டோசெராடொப்ஸ் என்ற டைனோசரின் எலும்புகள் தாராளமாகக் கிடந்ததால், முட்டைகளும் அதனுடையவை என்று முடிவு செய்தார்கள். கூட்டுக்கு மேலே, முட்டைகளுக்கு மிக அருகில் வேறொரு விலங்கின் மண்டையோடு கிடந்தது. களவெடுக்க வந்த இடத்தில் செத்திருக்கிறது என்று நினைத்தார்கள். 1924இல் ஹென்றி ஒஸ்போர்ன் அதற்கு ஓவிராப்டர், அதாவது 'முட்டை பறிப்பவன்' என்று பெயர் வைத்தார். இந்தப் பெயர் அதன் குணத்தைத் தவறாகக் காட்டிவிடலாம் என்று அவரே அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார். எச்சரிக்கையை எல்லோரும் மறந்தார்கள். பெயர் நின்றுவிட்டது. படங்களிலும் பாடங்களிலும் அது கள்ளனாகவே வளர்ந்தது.

1993இல் அதே நூதனசாலையின் மார்க் நோரெல் குழுவினர் கோபியில் அதே வகை முட்டை ஒன்றைக் கண்டார்கள். அதனுள்ளே குஞ்சின் எலும்புகள் இருந்தன. அது புரோட்டோசெராடொப்ஸ் குஞ்சு அல்ல, ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! அந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. அதே குடும்பத்து டைனோசர் ஒன்று கூட்டின் மேல் குந்தியபடி, இரு கைகளையும் விரித்து முட்டைகளை மூடிய நிலையில் கிடைத்த செய்தியும் 1995இல் வந்தது. நம் வீட்டுக் கோழி அடை கிடப்பது போலவே. பறவைகள் டைனோசர் பரம்பரையில் வந்தவை என்பதற்கு இப்படியான சான்றுகளும் துணை நிற்கின்றன.

ஆக, கூட்டருகே கிடந்தது கள்ளன் அல்ல. தாயோ தந்தையோ, தன் முட்டைகளோடு இருந்த இடத்திலேயே உயிரை விட்டிருக்கிறது என்றே இன்று கருதுகிறார்கள். சம்பவ இடத்தில் இருந்தது மட்டும்தான் அதற்கு எதிரான சாட்சி. அதை வைத்து எழுபது வருடம் அவதூறு சொல்லியாகிவிட்டது. விலங்கியல் பெயரிடல் விதிப்படி முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பதால், குற்றமில்லை என்று தெரிந்த பிறகும் பெயரை மாற்ற வழியில்லை.

டைனோசரின் பெயரை நம்மால் மாற்ற முடியாது. பிள்ளையின் புள்ளியை மாற்றலாம்தானே. அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நம் பிழையைச் சொன்னோம். அவளுக்குப் புள்ளியைக் கொடுத்தோம். மற்ற அணியின் புள்ளியைக் குறைக்கவில்லை, ஏனென்றால் பிழை கேள்வியில் இருந்தது. இரண்டு அணியும் சமம் என்று அறிவித்தோம். எங்கே படித்தாய் என்று கேட்டோம். பொது நூலகத்தில் எடுத்த புத்தகமாம். அதை நமக்கும் வாசிக்கத் தந்தாள்.

ஆசிரியர்களாக, பெற்றோராக நாம் கையில் பிடித்திருக்கும் விடைத்தாள் எந்த வருடத்தது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். பிள்ளை மாற்றி எழுதினால், பிழை போட முதல் "எப்படித் தெரியும் மகள்?" என்று கேட்போம். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உங்களுக்கு ஐந்தில் எத்தனை சரி?