கடலூர்ப் போரில் ஹனோவர் படைகள்

ஹனோவர் படைகள் என்பவை கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1781இல் வட ஜெர்மனியின் ஹனோவர் நாட்டில் ஆள்திரட்டி அமைக்கப்பட்ட 15ஆம், 16ஆம் காலாட்படை ரெஜிமென்டுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர். 1782 முதல் 1791 வரை சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தன. ஒரே ஒரு பெரிய போரில்தான் இவை பேர் சொல்லும்படி நின்றன. அது 1783 ஜூனில் நடந்த கடலூர் முற்றுகை.

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ஹனோவருக்கும் அதிபதி. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் துருப்புகள் சிக்கிக்கிடந்த நேரம் அது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைத் துடைத்தெடுத்திருந்தார்கள். சென்னைக்கு ஐரோப்பியச் சிப்பாய்கள் உடனே தேவைப்பட்டனர். மன்னர் ஆள் கொடுத்தார், கம்பெனி சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதே காலத்தில் அமெரிக்காவுக்கு வாடகைக்கு அனுப்பப்பட்ட ஹெஸ்ஸே நாட்டுப் படையினரைப் பற்றி நூல்கள் குவிந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு வந்தவர்களைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரிகூடக் காண்பது அரிது.

15ஆம் ரெஜிமென்டுக்கு ரைன்போல்டும் 16ஆம் ரெஜிமென்டுக்கு வாங்கன்ஹைமும் தலைவர்கள். பல மாதக் கப்பல் பயணத்தில் சொறிகரப்பான் நோய் பலரைத் தின்றது. எஞ்சியவர்கள் 1782இன் பிற்பகுதியிலிருந்து அணி அணியாகச் சென்னையில் இறங்கினார்கள். இங்கே அவர்களுடைய மொழி பேசுவோர் முன்பே இருந்தனர். வேப்பேரியில் ஜெர்மன் பாதிரியார் பப்ரிசியுஸ் இருந்தார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி அச்சேறி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வார்த்தை சேர்க்க வந்த ஜெர்மானியரும் வாடகைக்குச் சுட வந்த ஜெர்மானியரும் ஒரே ஊரில் இருந்த காலம் அது.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். அடுத்த மார்ச்சில், மைசூருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரின் தளபதி புஸ்ஸி பறங்கிப்பேட்டையில் இறங்கி, ஓராண்டுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்த கடலூரைப் பலப்படுத்தினார். ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டும் சென்னையில் காலமாக, தலைமை ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் வந்தது. அதே பொள்ளிலூரில் 1781இல் நடந்த மற்றொரு சண்டையில் ஒரு காலை இழந்தவர் அவர். சென்னையிலிருந்து கடலூருக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்தை ஸ்டூவர்ட்டின் படை நாற்பது நாள்போல நடந்தது.

ஜூன் 13 விடியற்காலை, கடலூருக்குத் தெற்கே பிரெஞ்சு அரண்கள்மீது தாக்குதல் தொடங்கியது. கத்திரி வெயில் கழிந்தும் புழுக்கம் தணியாத நாள்கள். வட ஜெர்மனிக் குளிருக்குத் தைத்த சிவப்புக் கம்பளிக் கோட்டோடு ஹனோவர் படையினர் கடலோர மணலில் பீரங்கியை எதிர்கொண்டார்கள். பிற்பகல்வரை சண்டை நீண்டது. முக்கியமான ஓர் அரண் கைமாறியது. இரவோடு இரவாகப் பிரெஞ்சுக்காரர் கோட்டைக்குள் ஒதுங்கினர். ஆங்கிலேயர் பக்கம் மட்டும் கொல்லப்பட்டவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் ஆயிரம் பேர்.

ஜூன் 20இல் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கடற்படையைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பின. கடல்வழி உதவி அற்றுப்போக, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் ஆன நிலை. ஜூன் 25இல் பிரெஞ்சுக்காரர் வெளியே வந்து தாக்கித் தோற்றுத் திரும்பினர். அந்த மாதம் முடிவதற்குள் வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் சேதி கொண்டுவந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20இலேயே வெர்சேயில் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டிருந்தன! ஜூன் 13இல் விழுந்த ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு பகைக்காகச் செத்தவர். இந்தப் போரைப் படிக்கும்போது மனம் ஆறாத இடம் இதுதான்.

கடலூரில் காயம்பட்டுப் பிடிபட்ட பிரெஞ்சு சார்ஜன்ட் ஒருவரை வாங்கன்ஹைம் பரிவோடு பார்த்துக்கொண்டார் என்றும், அவரே பிற்காலத்தில் ஸ்வீடனின் மன்னரான பெர்னாடோட் என்றும் பழைய நூல்களில் ஒரு கதை உண்டு. பெர்னாடோட் இந்தியாவுக்கு வந்தார் என்பதற்கே உறுதியான சான்றில்லை. இதை வரலாறாகக் கொள்ள முடியாது.

போருக்குப் பின் இப்படைகள் பெரும்பாலும் காவல்பணியில் காலம் கழித்தன. குண்டைவிட நோய்க்கு இரையானவர்கள் பலர். படையின் குருவாக வந்த லாங்ஸ்டெட் 1789இல் தம் பயண நூலை வெளியிட்டார். அதிகாரி பெஸ்டின் இந்தியக் கடிதங்கள் 1807இல் அச்சாயின. தமிழகத்தின் 18ஆம் நூற்றாண்டை ஆங்கிலேயர் கண்ணால் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இவை வேறொரு சாளரம். தமிழில் யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

கடலூரில் ஜூலை 2இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் தெற்கே வேறு விதமாக எதிரொலித்தது. ஸ்டூவர்ட்டுக்கு உதவ வடக்கே விரைந்துகொண்டிருந்த கர்னல் புல்லர்டனின் தென்படைக்குக் கடலூரில் இனி வேலையில்லை. அது திரும்பி நெல்லைச் சீமைக்கு வந்தது. ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அதன் பாளையக்காரர் கட்டபொம்மு டச்சுக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை அங்கே புல்லர்டன் கையில் சிக்கியது. அடுத்து, இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சிவகிரி. பாளையக்காரர் தம் ஆட்களோடு மலையடிவாரக் காட்டுக் கோம்பைக்குள் அரண்கட்டி நின்றார். காட்டை வெட்டி வழி அமைத்துத்தான் கம்பெனிப் படை உள்ளே நுழைய முடிந்தது. 

கடலூரில் சண்டை ஓய்ந்திராவிட்டால் அந்த ஆகஸ்டில் புல்லர்டன் சிவகிரிக்கு வந்திருக்க வழியில்லை. நெல்லைப் பாளையங்களின் வரலாற்றை எழுதுவோர் 1783ஆம் ஆண்டு அத்தியாயத்தைக் கடலூர்க் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டும்.