மால்ட் பாகும் மதுவிலக்கும்

1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தபோது, அதுகாறும் பீர் வடித்தே ஜீவித்து வந்த ஆலைகளிற் சில, முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிய சாரத்தை மால்ட் பாகாக இறுக்கித் தகர டப்பாக்களில் அடைத்து, ரொட்டி சுடுவதற்கென்னும் வியாஜத்தில் விற்கத் தலைப்பட்டன. வாங்கியவர்களில் அநேகர் அடுப்பில் ரொட்டி வைக்கவில்லை; பாகை நீரிற் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, நிலவறையில் புளிக்கவைத்தார்கள்.

1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வீட்டில் திராட்சை மது செய்வதற்கு இடங்கொடுத்த சட்டம் பீருக்கு அதே சலுகையை அளிக்கவில்லை. அக்குறை 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தினால் நிவர்த்தியாயிற்று.

இதனிடையே, பீருக்குக் கசப்பும் மணமும் ஊட்டும் ஹாப்ஸ் பூக்களில், 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்னும் வகை, பம்ளிமாஸை நினைவூட்டும் தன் வாசனையால் பேல் ஏல் என்னும் பீர் வகைக்குப் புதியதொரு சுபாவத்தை அளித்தது. கொதிக்கும் மால்ட் நீரில் தொடக்கத்திலேயே இடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். வாசனைத் தைலங்கள் ஆவியாகும் இயல்பின ஆதலால், பரிமளம் வேண்டுவோர் இறக்குந் தறுவாயில் மற்றொரு பிடி இடுவர். கலிபோர்னியாவின் சிகோ நகரில் 1976இல் வீட்டு பீர்ச் சாமான் கடை திறந்த கென் கிராஸ்மன், காஸ்கேட் மணக்கும் சியரா நெவாடா பேல் ஏலை 1980இல் காய்ச்சினார். வீட்டு அடுப்பில் பயின்ற வித்தை ஆலைக்கு ஆசானாயிற்று.