நெளிவெடுத்த கைகள்

காரில் விழுந்த சின்ன நெளிவைப் பெயிண்ட்டில் கை வைக்காமலே எடுக்கலாம். தகட்டின் பின்பக்கமாக இரும்புக் கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிமிர்த்துவார்கள். பெயிண்ட் வெடித்திருந்தால் சரிவராது.

1960இல் நியூயோர்க் கார்க் கண்காட்சியில் மெர்சிடிஸ் ஊழியர் ஒஸ்கார் ஃபிளைக் தொடக்கி வைத்த முறை இது என்று தொழிலில் ஒரு கதை இருக்கு. ஆனால் நெளிவெடுக்கிறதின்ர வரலாறு ஒரு பெயரோட முடியிறதில்ல. சுத்தியலால் தட்டி, பிறகு பெயிண்ட் அடிக்கிற டிங்கர் வேலை அதைவிடப் பழசு.

எங்கட யாழ்ப்பாணத்தையே எடுங்கோ. 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ள, துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறோம். அந்தக் கார்களைத் தட்டி நிமிர்த்தின டிங்கர்மாரைப் பற்றிக் கதைக்கிறது குறைவு. புதுசு வராத ஊரில், இருக்கிறதைத் திருத்தினவர்தான் போக்குவரத்தையே ஓட்டினார். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது அந்தப் பாடம் முழு நாட்டுக்கும் வந்தது. தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை.

நல்லாச் செய்த வேலையில் அடி விழுந்த இடமே தெரியாது. செய்தவரும் அதோடு மறைந்துவிடுகிறார். யுத்தகால வரலாறு எழுதுகிற நாங்கள், வயதான டிங்கர்மார் இருக்கும்போதே கராஜ்களுக்குப் போய் அவர்களின் கதைகளைப் பதிவு செய்வோம்.