அனலும் புனலும் ஏடும்

மதுரை மாநகரில் ஓர் ஏடு அனலிற் கருகாது நின்றதும், பிறிதோர் ஏடு வையைப் புனலை எதிர்த்துச் சென்றதும் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்தனவே. ஆளுடைய பிள்ளையார் தீயிலிட்ட திருநள்ளாற்றுத் திருப்பதிக ஏடு பசுமை மாறாதிருந்தது. சமணர் இட்ட ஏடு சாம்பராயிற்று. பின்னர்த் திருப்பாசுரம் வரைந்த ஏடு வையையிலே எதிரேறிச் சென்று, சோழவந்தானுக்கு அணித்தாகிய திருவேடகத்தில் நின்றது. அத்தலத்தின் பெயரே அதற்குச் சான்றாக வழங்குகின்றது.

இவ்வரலாற்றில் நம்மனோர் விரைந்து கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. ஏடு எதிரேறக் கண்ட அமைச்சர் குலச்சிறையார் கரையில் வியந்து நின்றாரல்லர். குதிரைமீதேறி ஏட்டினைத் தொடர்ந்தார். அது நின்ற இடத்தே நீரினின்றும் எடுத்து மீண்டுவந்து பிள்ளையார் திருமுன் சேர்த்தார். திருவருளே காத்த ஏட்டிற்கும் பின்தொடர்ந்து மீட்டுக்கொணர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அருள்வலியால் நின்ற ஏடுகள் இவ்விரண்டே. ஏனைய ஏடுகள் எரியும், நனையும், செல்லரிக்கும். அவற்றைத் தொடர்ந்து செல்லும் குலச்சிறையார் எக்காலத்தே இருந்தனர், எக்காலத்தே இலராயினர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் தில்லையை நோக்குவோம். கொற்றவன்குடி உமாபதி சிவனார் அருளியதாகப் போற்றப்படும் திருமுறைகண்ட புராணத்தின்படி, தேவார ஏடுகள் பொன்னம்பலத்தின் அருகே ஓர் அறையில் மூவர் கையிலச்சினையோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்த காலத்து, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்துப் பார்க்கப் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. மூவர் பாடியவற்றை இலக்கத்திற்கு மேற்பட்டனவாகக் கூறுவது மரபு. இன்று நாம் ஓதுவன 800-க்குச் சற்றுக் குறைந்த பதிகங்களே. இக்காலத்திற்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என்ற அருள்வாக்கினால் அடியார் மனம் ஆறினர். அவ்வாறுதல் நமக்கும் உண்டு. ஆயினும் ஏடு காப்போர் பிறிதொன்றையும் உளங்கொள்ளல் வேண்டும். அவ்வேடுகளைப் பகைவர் கொளுத்தவில்லை, வெள்ளம் வாரவில்லை. பூட்டும் இலச்சினையும் குறைவின்றி இருந்தபடியே அவை அழிந்தன. திறந்து பாராமையே ஆங்கு நேர்ந்த இடர்.

இதனைக் கண்ட பின்னோர் அறிவுடையராயினர் போலும். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துப் படைத்தலைவனாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான் என்பது அத்தலத்துக் கல்வெட்டுப் பாடல்களால் விளங்கும். அக்கோயிலிலே சரசுவதி பண்டாரம் என்னும் ஏட்டுச்சாலையும் இருந்தது. செம்பைச் செல்லரியாது. கல்லினை நீர் கொண்டுபோகாது. பிள்ளையார் அருளிய திருவிடைவாய்த் திருப்பதிகம் ஏட்டுச் சுவடிகளில் முற்றும் மறைந்தொழிந்தது. 1917-இல் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து அன்றோ வெளிப்பட்டது! ஒரு நூல் ஓரிடத்தில் ஒரு பொருளின்மேல் மட்டும் எழுதப்பட்டிருப்பின் அது பாதி அழிந்ததற்கு ஒப்பாம். ஈரிடத்தில் இருவகைப் பொருளின்மேல் இருப்பின், ஒன்றை இழந்தாலும் மற்றொன்றால் பிழைக்கும்.

இனி, மதுரையிலேயே முன்னேற்பாட்டிற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உளது. 1311-இல் மாலிக் காபூர் படை மதுரைமேல் வந்தது; பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சியும் நிலைபெற்றது. அக்காலத்தே சொக்கலிங்கப் பெருமானது கருவறை வாயிலைச் சுவரெடுத்து மறைத்து மணலால் நிரப்பி, முன்னே வேறோர் இலிங்கத்தை நிறுவினர் என்றும், குமார கம்பணன் மதுரையை மீட்டபின் கருவறை திறக்கப்பட்டபோது விளக்கு அணையாதும் சந்தனம் புலராதும் இருந்தன என்றும் தலவரலாறு கூறும். சிதைந்த அவ்விலிங்கம் இன்றும் திருக்கோயிலுள் வைத்துக் காட்டப்பெறுகின்றது. விளக்கின் அற்புதம் ஒருபுறம் நிற்க. மறைத்தவர் இன்னது செய்தோமென்று பின்னோர்க்குச் சொல்லிச் சென்றமையாலன்றோ திறப்போர் எங்கே திறப்பதென அறிந்தனர்?

சொல்லிச் செல்லாவிடின் நேர்வது யாதென்பதைச் சீகாழி காட்டுகின்றது. 2023 ஏப்பிரலில் சட்டைநாதர் திருக்கோயிலிலே குடமுழுக்கு வேள்விச்சாலைக்கு மண் தோண்டுங்கால், திருமேனிகளோடு 400-க்கு மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் வெளிப்பட்டன. புதைத்தோர் நன்றே செய்தனர். திருமேனியோ ஏடோ ஊறுபடவில்லையெனும்படி பெரும்பாலும் கிடைத்தன. ஆயின் புதைத்த இடத்தை அறிந்தோர் மறைந்தபின், மண்வெட்டி தற்செயலாய்ப் படும் நாள் வரையில் அவை ஓதுவார் எவர்க்கும் பயன்படாது கிடந்தன.

மதுரை மீட்கப்பட்ட வரலாற்றைக் கம்பணன் தேவியாகிய கங்காதேவி மதுராவிசயம் என்னும் வடமொழிக் காப்பியமாகப் பாடினாள். அந்நூலும் மறைந்தே போயிற்று. 1916-இல் திருவனந்தபுரத்தில் ஒரேயொரு சுவடி, அதுவும் சிதைவுற்றதாய், வேறு நூல்களுக்கிடையே கட்டுண்டு கிடைத்தது. அந்தக் கட்டினை ஒருவர் பொறுமையோடு அவிழ்த்துப் பார்த்திராவிடின் அக்காப்பியம் நம் கையில் இல்லை.

பழைய நாளில் ஏட்டினைப் பேணுந் தொழில் வீடுதோறும் இருந்தது. கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் பூசி எழுத்தை விளக்குவர். வசம்பு இட்டு வைப்பர். துணியிற் பொதிந்து, இரு சட்டங்களுக்கிடையே கயிற்றால் இறுகக் கட்டுவர். கலைமகள் வழிபாட்டின்போது சுவடிகளை வெளியே எடுத்துத் துடைத்து அடுக்குவர். அவ்வழிபாட்டை ஆண்டுதோறும் நிகழ்ந்த ஏட்டுச் சோதனை என்றாலும் இழுக்கன்று. இன்று பல இல்லங்களில் பரண்மேல் உள்ள கட்டிற்குக் கட்டவிழ்க்காமலே குங்குமம் இடுகின்றனர்.

நைந்த ஏட்டைப் படியெடுத்த பின்னரே அனலிலோ புனலிலோ இடுதல் முறை. படியெடுக்குந் தொழில் மறைந்தபின் இடுதல் மட்டும் எஞ்சிற்று. ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டவை எத்துணையோ! கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் வரதுங்கராம பாண்டியரது ஏட்டுத் தொகுதி இருந்ததெனக் கேட்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்தோய்த்துத் தீயிலிட வேண்டுமென ஆகமம் கூறுகின்றதென்று சொல்லி அவற்றை வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்ற விடையே அவர்க்குக் கிடைத்தது. மதுரையில் அனல் ஏட்டை விட்டது. கரிவலத்தில் அன்பர் கையே ஏட்டை அனலுக்கு ஊட்டிற்று. பகைவரினும் பயிலாத அன்பர் செய்த கேடு பெரிதென்று கூற நெஞ்சம் நடுங்குகின்றது. எனினும் உண்மை அதுவே.

பகையால் நேர்ந்த கேடும் சிறிதன்று. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதில் ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. படி வேறிடத்திருந்த நூல்கள் மீண்டும் கிடைத்தன. தனிச் சுவடிகள் போனவை போனவையே. மதுரையில் 2018 பிப்பிரவரி 2 இரவு, அங்கயற்கண்ணி திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளிலே பற்றிய தீயால் கற்றூண்களும் மேற்பாவுகற்களும் வெடித்துச் சிதைந்தன. கல்லும் தீக்கு ஆற்றாதென்பதை அன்று கண்டோம். அருங்காட்சியகமாக விளங்கும் ஆயிரக்கால் மண்டபம் அதற்கு அணித்தே உள்ளது. புனலும் இந்நகர்க்குப் புறம்பன்று. ஆண்டிற் பலநாள் மணலாய்க் கிடக்கும் வையை ஓரிரவிற் கரைபுரளும்; 2024 அக்டோபரிற் பெய்த பெருமழையிற் செல்லூர்ப் பகுதியின் தெருக்களும் வீடுகளும் நீருள் நின்றன.

அயல்நாட்டார் இத்தகைய இடரிற் கற்றவை நமக்கும் பயன்படும். 1966 நவம்பர் 4-இல் இத்தாலியின் புளோரன்சு நகரில் ஆர்னோ ஆறு பெருகித் தேசிய நூலகத்துள் புகுந்தது. பல நாட்டு இளைஞர் சேற்றினின்றும் நூல்களைக் கைமாற்றி எடுத்தனர்; அன்பு இருந்தது, முறை அப்போதுதான் உருவாயிற்று. செருமனியின் வைமார் நகரில் 2004 செப்டம்பர் 2-இல் அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோது, 50,000 நூல்கள் சாம்பராயின. தீயாலும் தீயணைக்கும் நீராலும் 62,000 பழுதுற்றன. நனைந்தவற்றை உடனே உறையவைத்தமையால் பூஞ்சை பற்றாது நின்று, பின்னர் ஒவ்வொன்றாய்ச் செப்பனிட நேரங் கிடைத்தது. இந்நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் அருங்காட்சியகங்களுக்கென வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுள்ளது. அவற்றைப் படித்த கோயிலதிகாரிகளும் மடத்து ஏட்டுக்காவலரும் எத்துணையர் என்று வினவுதல் வேண்டும்.

புதுவையிலுள்ள சைவ ஆகமச் சுவடிகள், ஏறத்தாழ 11,000, 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்ந்தன. அதனால் நாம் பெருமிதங் கொள்கின்றோம். அப்பெருமிதத்தில் ஒரு கூறேனும், திருவேடகத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மதுரைத் தெருக்களிலும் தனியில்லங்களிற் கிடக்கும் கட்டுகளுக்கு உரியதாகுக.

நனைந்த ஓலைக்கட்டினை வெயிலில் விரித்தல் ஆகாது. ஓலை முறுகி ஒடியும். ஒட்டிய ஓலைகளைப் பலவந்தமாய்ப் பிரித்தலும் ஆகாது. நிழலிற் காற்றோட்டத்தில் உலர்த்தல் வேண்டும். நனைந்த தாளோ ஓலையோ இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சை கொள்ளுமாதலின் முதல்நாட் செயலே தலையாயது. இவற்றை இடர் வந்தபின் கற்றல் இயலாது. பழஞ்செய்தித்தாட் கட்டுகளையும் எழுதாத வெற்றோலைகளையும் நீரில் நனைத்து, எடுத்தல், அடுக்கல், உலர்த்தல் ஆகியவற்றை ஏட்டுச்சாலைப் பணியாளர் ஆண்டிற்கொருமுறை செய்துபார்த்தல் வேண்டும். முதலில் எடுத்துச் செல்லத்தக்க சுவடிகள் இவையென எழுதிய குறிப்பு ஒன்று சாலையுள்ளும், ஒன்று வெளியே பொறுப்பாளர் கையிலும் இருத்தல் வேண்டும். தீப்பற்றிய அறைக்குட் சென்று பட்டியல் தேடுவார் இல்லை. ஒளிப்படப் படிகள் வேற்றூரில் வைக்கப்படுதல் வேண்டும். சுவடிப் பேழை தரையிற் படாது உயர்ந்த மேடைமேல் நிற்க, மின்கம்பிகள் அதன்மேற் செல்லாதிருக்க வேண்டும். சாவி யாரிடம் உள்ளது என்பதை நள்ளிரவிலும் அறிவார் இருவரேனும் வேண்டும்.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது, ஏடுகளைத் தொகுத்ததோடு அமையாது செந்தமிழ் இதழ் வாயிலாகவும் பல அரிய நூல்கள் அச்சேறி ஊர்தோறும் பரவ வழிசெய்தார். இனி எஞ்சியுள்ள ஓலைக்கட்டுகளுக்கு அத்தகைய பரவல் வேண்டும். வருகின்ற கலைமகள் வழிபாட்டின்போது, ஏடுடைய அன்பர் ஒவ்வொருவரும் கட்டினை அவிழ்த்து, ஓலைகளை எண்ணி, நூற்பெயரும் நிலையும் ஒரு தாளிற் குறித்து, அருகிலுள்ள மடத்திற்கோ ஏட்டுச்சாலைக்கோ ஒரு படி அனுப்புவாராக.