தீப்பெட்டிக் காரும் நான்கு சென்டிமீட்டர் மனிதனும்

விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றைப் பெரியோர் பெரிதாக எண்ணுவதில்லை. அரசர்களின் போர்களுக்கும் அறிஞர்களின் கண்டுபிடிப்புகளுக்கும் ஒதுக்கப்படும் ஏடுகளில் பொம்மைக்கு இடமேது? எனினும் உலோகத்தில் வார்த்த சின்னஞ்சிறு கார் ஒன்றும், நெகிழிக் கட்டைகளோடு பிறந்த சின்னஞ்சிறு மனிதன் ஒருவனும், நெடுங்காலம் ஒன்றில் ஒன்று பொருந்தாமல் இருந்து பின்னர் சந்தித்த கதை, வளர்ந்தோரும் சற்று நின்று எண்ணத்தக்கது.

காரின் பிறப்பிடம் இலண்டன். 1947-ஆம் ஆண்டு லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்னும் இரு நண்பர்கள் ஓர் உலோக வார்ப்புத் தொழிலைத் தொடங்கினர். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். தத்தம் பெயர்களின் பகுதிகளை இணைத்து நிறுவனத்திற்கு 'லெஸ்னி' என்று பெயரிட்டனர். வார்ப்புக் கலையில் வல்லவரான ஜாக் ஓடெல் அவர்களோடு சேர்ந்தார். உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, நொடிப்பொழுதில் உருவம் பெறச் செய்வதே அவர்களது தொழில். ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்றொரு விதி இருந்ததாம். மகளுக்காகத் தந்தை பித்தளையில் ஒரு சிறு சாலை உருளை வண்டியைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே 1953-இல் வெளிவந்த 'மேட்ச்பாக்ஸ்' வரிசை. அதே ஆண்டில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி அந்நிறுவனம் வெளியிட்ட சிறு அரச ரதம் பத்து இலட்சத்திற்கும் மேலாக விற்றது.

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 16 கார்களோடு 'ஹாட் வீல்ஸ்' வரிசையைத் தொடங்கியது. உராய்வு குறைந்த சக்கரங்களில் அவை பாய்ந்தோடின. லெஸ்னியும் தன் சக்கரங்களை மாற்றவேண்டியதாயிற்று. 1982-இல் லெஸ்னி கடனில் மூழ்கியது. கைமாறிக் கைமாறி 1997-இல் மேட்ச்பாக்ஸ் பெயரும் மேட்டலிடமே வந்து சேர்ந்தது.

இக்கார்களில் ஒரு குறை உண்டு. தொடக்க கால வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநரின் உருவமும் வண்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. அவரால் ஒருபோதும் கீழே இறங்க இயலாது. பிற்காலக் கார்களில் கண்ணாடி வந்தது, இருக்கை வந்தது, சுக்கானும் வந்தது. அமர்வதற்கு ஆள் மட்டும் பெரும்பாலும் இல்லை.

அந்த ஆள் பிறந்த ஊர் டென்மார்க்கின் பில்லுண்ட். ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்னும் தச்சர் 1932-இல் அங்கே மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 1934-இல் 'லெகோ' என்ற பெயர் அமைந்தது. ஒருமுறை அவருடைய மகன் காட்ஃபிரெட், மரவாத்துகளுக்கு மூன்று முறை பூசவேண்டிய மெருகெண்ணெயை இருமுறை மட்டும் பூசிப் பணத்தை மிச்சப்படுத்தியதாகப் பெருமையோடு கூறினார். தந்தையோ, இரயில் நிலையம் சென்று பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, விடுபட்ட பூச்சைப் பூசி முடிக்குமாறு பணித்தார். அந்த மகனே 1958-இல், ஒன்றையொன்று இறுகப் பற்றும் கட்டைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். கைகால்களை அசைக்கும் சிறு மனிதன் வந்தது 1978-இல். இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை, எந்த இனத்தையும் சுட்டாத மஞ்சள் முகம். உயரம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்.

இவ்விருவரும் சந்திப்பதற்குத் தடையாய் நின்றது அளவு. சிறு உலோகக் கார், உண்மைக் காரின் ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அக்கணக்கில் வளர்ந்த மனிதனின் உயரம் மூன்று சென்டிமீட்டரைத் தொடாது. லெகோ மனிதனோ அதனினும் உயரம். இடுப்பு மட்டுமே 16 மில்லிமீட்டர் அகலம். காரின் மொத்த அகலமோ மூன்று சென்டிமீட்டர் அளவே. ஆகவே கூரையை நீக்கி, இருக்கையை அகலமாக்கினாலன்றி அவனுக்கு இடமில்லை. இடம் செய்தாலும் அருகில் இன்னொருவர் அமர வழியில்லை.

மற்றொரு தடை சட்டம். காப்புரிமைக் காலம் முடிந்தபின், கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகக் காக்க லெகோ முயன்றது. பொருந்துவதற்கென்றே அமைந்த வடிவம் ஒருவருக்கு மட்டும் உரியதாகாது என்று 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. அவ்வழக்குகளில் லெகோவை எதிர்த்து நின்ற மேகா நிறுவனத்தை 2014-இல் மேட்டல் வாங்கியது. ஆனால் 2015-இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம், சிறு மனிதனின் உருவம் லெகோவின் சின்னமாகவே நிலைக்கலாம் என்றது. ஆக, குமிழும் குழியும் எல்லோருக்கும் பொது. மனிதனின் உருவம் மட்டும் ஒருவர் உடைமை. இந்நிலையில்தான், அண்மை ஆண்டுகளில் ஹாட் வீல்ஸ் கார்கள் சிலவற்றில் கட்டைகளைப் பொருத்தும் குமிழ்களும், சிறு மனிதன் அமரத்தக்க இருக்கைகளும் இடம்பெற்றன. இரு தொழிற்சாலைகள் உடன்படிக்கை செய்து நடத்திய திருமணம் அன்று இது. ஒருவர் திறந்து வைத்த வாயிலில் குழந்தை மற்றவரின் மனிதனைக் கொண்டுவந்து அமர்த்துகிறது.

இங்கே நாம் எண்ணவேண்டிய ஒன்றுண்டு. இக்கார்களை ஆர்வத்தோடு வாங்குவோரில் பலர் வளர்ந்தோர். அட்டையில் ஒட்டிய நெகிழி உறையைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்று பிரிக்காமலே சுவரில் மாட்டுவோரும் அவர்களில் உண்டு. சேகரிப்பைக் குறைகூறுவதற்கில்லை, சேகரித்தோர் காத்ததால்தான் 1950-களின் பொம்மைகள் இன்றும் நம் கண்களுக்குக் கிடைக்கின்றன. எனினும் மனிதனுக்கென்று கூரையைத் திறந்து இருக்கை அமைத்த காரை, எவரும் அமராதபடி மூடியே வைத்திருப்பதில் ஒரு முரண் உண்டன்றோ? பிரிக்காத உறைக்குள் அந்த இருக்கை காலியாகவே இருக்கும்.

தன் மகள் பள்ளிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றே ஓடெல் அந்தப் பித்தளை வண்டியைச் செய்தார். மூன்றாவது பூச்சுக்காகப் பெட்டிகளைத் திரும்ப அழைத்த தச்சரும், யாரென்று அறியாத ஏதோவொரு குழந்தையின் கையை எண்ணியே அவ்வாறு செய்தார். இன்று அந்தக் கார் நம் வீட்டுக்கு வருமாயின், விலையைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். உறையைப் பிரித்துக் கொடுப்போம். யாரை அமர்த்துவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.